பழைய தேக்கு வேறு, பழைய சைக்கிள் வேறு

22,000 ரூபாய்க்கு வாங்கிய மவுண்டன் பைக்கை எட்டே மாதத்தில் சக்கரம் தனி, பிரேக் தனி, ஹேண்டில்பார் தனி என்று பிரித்து 9,000 ரூபாய்க்கு விற்றவன் நான். விலைபோகாத ஃப்ரேம் மட்டும் கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஆணியில் தொங்குகிறது. மழைக்காலத்தில் துண்டு காயப்போட வசதியாக இருப்பதாக வீட்டில் சொல்கிறார்கள்.

வாங்கியது போனில் போட்டோ பார்த்து. முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர் உள்ள வண்டி, வெளிநாட்டுப் பெயர், புதிதாக எடுத்தால் 80,000-க்கு மேல். “சும்மா வீட்லதான் சார் நின்னுச்சு, ரெண்டு மூணு தடவ ஓட்டியிருப்பேன்” என்றார் விற்றவர். வெளியூர். சாயங்காலம் பஸ் பிடித்துப் போய், தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்து, பத்தடி ஓட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். வண்டி என் உயரத்துக்கு ஒரு சைஸ் பெரிது என்பது ஏறி உட்கார்ந்ததுமே தெரிந்தது. சீட்டை இறக்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஃப்ரேமின் நீளத்தைச் சீட் எப்படிக் குறைக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்றாவது வாரம் கண்மாய்க் கரையிலிருந்து இறங்கும்போது பின்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். வண்டியின் முதுகு உட்கார்ந்துவிட்டது. பின் ஷாக்கில் காற்று நிற்கவில்லை. பம்ப் வைத்து ஏற்றினால் வீடு வரை தாங்கும், காலையில் பார்த்தால் மறுபடி படுத்திருக்கும். அதை ஆராயப்போன இடத்தில்தான், ஃப்ரேமின் பின்பாகம் மடங்கும் மூட்டுகளில் பேரிங் எல்லாம் தேய்ந்து ஆட்டம் கண்டிருப்பதும் தெரிந்தது. எங்கள் தெருமுனை சைக்கிள் கடை அண்ணன் முப்பது வருடமாகக் கோட்டம் எடுப்பவர், கண்ணை மூடிக்கொண்டு ஓவராயில் பண்ணுவார். இந்த வண்டியைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, வேலைக்கு நான் பயப்படல. இதுக்குச் சாமான் எங்க போயி வாங்குவ?”

அந்தக் கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஷாக்கின் நீளம், அதை மாட்டும் போல்ட்டின் அளவு, மூட்டுப் பேரிங்கின் அளவு எல்லாமே அந்த மாடலுக்கு மட்டும் உரியவை. மாடல் நின்று வருடக்கணக்காகிவிட்டது. கூரியரில் அனுப்பி வாங்க விசாரித்தால், ஷாக் விலை நான் வண்டிக்குக் கொடுத்த விலையில் முக்கால்வாசி.

இப்போது யோசித்தால், இந்தத் தைரியம் எனக்கு ஊரிலிருந்து வந்தது என்று தோன்றுகிறது. காரைக்குடிப் பக்கத்து ஆட்களுக்குப் பழையது வாங்கத் தெரியும். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் போய் நின்று பாருங்கள். பர்மா தேக்குத் தூண், கதவு நிலை, இனாமல் தூக்குச் சட்டி, மரப்பெட்டி எல்லாம் குவிந்து கிடக்கும். வாங்க வருகிறவர் நகத்தால் கீறுவார், முட்டியால் தட்டுவார், மூலையில் உளுத்திருக்கிறதா என்று பார்ப்பார், பாதி விலைக்குக் கேட்பார். தேக்கு நூறு வருடம் கழித்தும் தேக்குதான். ஆத்தங்குடிக் கல் நடக்க நடக்க மெருகேறும். அந்தப் புத்தியோடு சைக்கிள் வாங்கப் போனேன். சைக்கிளில் பாதிச் சாமான் தேய்வதற்கென்றே செய்தவை. செயின், கேசட் என்கிற பின் சக்கரத்துப் பல் சக்கர அடுக்கு, டயர், பிரேக் பேட், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்குள் இருக்கும் ரப்பர் சீல், எண்ணெய் எல்லாமே அந்தக் கணக்கு. அலுமினிய ஃப்ரேம்கூடத் தேக்கு இல்லை. பல வருடம் குதித்துக் குதித்துக் களைத்த அலுமினியம் ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் மயிரிழையாக விரிசல் விடும்.

சரி, இந்த ஊரில் மவுண்டன் பைக் எதற்கு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மலை என்று சொல்ல எட்டத்தில் பிரான்மலை, பக்கத்தில் குன்றக்குடிக் குன்று. இரண்டும் படியேறிச் சாமி கும்பிட. நாங்கள் ஓட்டுவது செம்மண் வண்டிப்பாதை, சரளை, கண்மாய்க் கரை, தைல மரக்காட்டு ஓரம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் செம்மண் டயரோடு அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்தும். கோடையில் அதே மண் மாவு மாதிரி செயினுக்குள் போய் உட்காரும். இதற்குத் தேவை அகலமான டயர், நல்ல பிரேக், முன்னால் மட்டும் ஷாக் உள்ள எளிய வண்டி. பின் ஷாக் நம் தடத்துக்கு வெறும் சுமை. எனக்கு இது தெரிய 13,000 ரூபாய் செலவானது, உங்களுக்கு இலவசம்.

அடுத்த வண்டி தேடும்போது அக்கா மகனும் சேர்ந்துகொண்டான். கல்லூரியில் கடைசி வருடம். அவனுக்கும் ஒன்று வேண்டும். “மாமா, பழசே வேணாம், புதுசு எடுத்துருவோம்” என்பது அவன் கட்சி. சூடு கண்டும் எனக்குப் பழசின் மேல் ஆசை விடவில்லை. அப்போதுதான் பள்ளத்தூர் ஆச்சி வீட்டு வண்டி பற்றித் தகவல் வந்தது.

பள்ளத்தூருக்கும் சைக்கிளுக்கும் ஏற்கெனவே ஒரு உறவு உண்டு. முருகப்பா குடும்பத்தின் பூர்வீகம் அந்த ஊர். 1949-இல் இங்கிலாந்துக் கூட்டோடு அவர்கள் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் ஊர் ஊராகக் கொண்டுபோனது. என் அப்பாவின் ஹெர்குலிஸ் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. பால்ஸ் போட்டு, கிரீஸ் வைத்தால் முடிந்தது வேலை.

ஆச்சி வீடு முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு தெரு நீளம். ஆள் இருப்பது இரண்டு அறையில். வண்டி இரண்டாம் கட்டில் பழைய புடவை போர்த்தி நின்றது. “மகன் பெங்களூர்ல வேல பாத்தப்ப வாங்குனது தம்பி, 2012-ல. இப்ப சிங்கப்பூர்ல இருக்கான். 70,000 போட்டான். நீங்க 10,000 கொடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போங்க” என்றார். புடவையை விலக்கினால் கண் கூசியது. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை. சாவிக்கொத்தில் இருந்த காந்தத்தை ஒட்டிப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. நல்ல ஸ்டீல் ஃப்ரேம். விரிசல் இல்லை, துரு இல்லை. தேக்கு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கைப்பிடி ரப்பர் உருகிப்போய் வெல்லப்பாகு மாதிரி உள்ளங்கையில் ஒட்டியது. டயரை அமுக்கினால் பக்கவாட்டில் வரிவரியாக வெடிப்பு. ஃபோர்க்கை அழுத்தினேன், இறங்கியது, மேலே வரவே இல்லை. ஹைட்ராலிக் பிரேக் லீவர் எதிர்ப்பே இல்லாமல் ஹேண்டில்பார் வரை வந்து தொட்டது. அப்புறம் சீட்டை இறக்கலாம் என்று போல்ட்டைக் கழற்றினேன். போல்ட் வந்தது, சீட் கம்பி அசையவில்லை. நானும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினோம். வண்டிதான் சுற்றியது.

இதற்கு விளக்கம் சொன்னவர் எங்களோடு காலையில் ஓட்ட வரும் நண்பர். காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். உலோகம் அரிப்பதைப் பற்றி ஆராய்வது அங்கே ஒரு பெரிய துறை. “ஃப்ரேம் ஸ்டீல், உள்ள சொருகியிருக்கிற கம்பி அலுமினியம். ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு இருக்கு. நடுவுல வியர்வை உப்புத் தண்ணி இறங்கியிருக்கு. பேட்டரிக்கு வேற என்ன வேணும்?” என்றார். அந்த மின்னோட்டத்தில் அரிபடுவது அலுமினியம். அரித்து வரும் வெள்ளைப் பொடி, அலுமினியத்தைவிட அதிக இடம் பிடிக்கும். சுற்றிலும் இடம் இல்லாததால் கம்பியை ஃப்ரேமுக்குள் இறுக்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை கம்பியை உருவிக் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் இது வந்திருக்காது. பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சீட் கம்பியை ஒரு தடவை இறக்கி ஏற்றிப் பாருங்கள். அது அசைந்தால், வைத்திருந்தவர் வண்டியைக் கவனித்திருக்கிறார் என்று பெரும்பாலும் நம்பலாம்.

‘ஓட்டவே இல்லை, நின்றுகொண்டே இருந்தது’ என்பதை விற்பவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு இப்போது அதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. ஓடிய வண்டி எங்கே தேய்ந்திருக்கிறது என்று தெரியும். நின்ற வண்டி உள்ளுக்குள் கெட்டிருக்கும்.

ஆச்சி வண்டியின் சக்கரம் 26 இஞ்சு. 2012 வாக்கில் அதுதான் வழக்கம். அதற்குப் பிறகு சில வருடங்களில் உலகம் முழுக்க மவுண்டன் பைக் கம்பெனிகள் 27.5-க்கும் 29-க்கும் போய்விட்டன. 26-க்கு டியூப் நம்மூர்க் கடையிலேயே கிடைக்கும், சாதாரண டயரும் கிடைக்கும். நல்ல ஃபோர்க்தான் தேடி அலைய வேண்டும். புது ஃபோர்க் வாங்கி மாட்டலாம் என்றால், இப்போது வருபவற்றில் பல, ஃப்ரேமின் கழுத்துக்குள் போகும் குழாயின் அடிப்பக்கம் ஒன்றரை இஞ்சுக்கு அகலும் வகை. பழைய ஃப்ரேமில் அடி முதல் நுனி வரை 1 1/8 இஞ்சு நேர்க்குழாய். உள்ளே போகாது.

வாசல் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். டயர் இரண்டு, ஃபோர்க் சர்வீஸ், பிரேக், செயின், கேசட், கைப்பிடி எல்லாம் சேர்த்துக் குறைந்தது 13,000. கம்பியை எடுக்கும் கூலி தனி, ஃப்ரேம் பிழைக்குமா என்பது வேறு. “ஆச்சி, வண்டி நல்ல வண்டி, எனக்குக் கட்டுப்படி ஆகல” என்றேன். “அவன் வர்றப்ப ஓட்டிக்கட்டும்” என்று மறுபடி புடவையைப் போர்த்திவிட்டுக் காபி கொடுத்தார்.

புது வண்டிக்கு மதுரை போனோம். மருமகன் எடுத்தது 29 இஞ்சுச் சக்கரம், அலுமினிய ஃப்ரேம், முன்னால் 100 மில்லிமீட்டர் இறங்கும் ஸ்பிரிங் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின்னால் எட்டுப் பல் சக்கரம் உள்ள கேசட். முந்தின மாதம் வரை 36,000. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆனதில் 33,750-க்கு வந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வீட்டில் நிறுத்திப் பொட்டு வைத்துவிட வேண்டும் என்பது அவன் அம்மாவின் உத்தரவு.

புதுசில் எனக்குப் பிடித்தது சைஸ்தான். மூன்று சைஸில் ஏறி உட்கார்ந்து, காலை ஊன்றி, கையை நீட்டிப் பார்த்து எடுத்தான். பழசில் கிடைத்த சைஸை எடுத்துவிட்டு முதுகுவலியோடு ஓட்டுகிறோம். இன்னொன்று வாரண்டி. பல கம்பெனிகளில் ஃப்ரேம் வாரண்டி முதல் கைக்கு மட்டும்தான், இரண்டாம் கைக்கு மாறினால் போய்விடும்.

ஆனால் புதுசிலும் கண் வைத்துப் பார்க்க வேண்டியவை உண்டு. இதைவிட 10,000 குறைவான ஒரு வண்டி அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பெயிண்ட் அப்படி. பின் சக்கரத்தைப் பார்த்தேன், பல் சக்கர அடுக்கு கேசட் இல்லை, திருகி மாட்டும் ஃப்ரீவீல். அதில் பேரிங் அச்சின் ஓரம் வரை போகாது. வலப்பக்க அச்சு தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும், மேட்டிலிருந்து தொப்பென்று இறங்கினால் வளையும். கேசட் உள்ள சக்கரத்தில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுவதால் தாங்கும். சாலையில் ஓட்ட ஃப்ரீவீல் போதும், சரளைக்கு வேண்டாம் என்று சொல்லி நகர்த்தினேன். அந்த வண்டியின் ஃபோர்க்கும் பேருக்கு ஃபோர்க். அழுத்தினால் பொத்தென்று இறங்கிப் பந்து மாதிரி எகிறியது. அந்த விலையில் ஷாக்கே இல்லாத ஃபோர்க் போட்டு, மிச்சத்தை டயரிலும் பிரேக்கிலும் போட்டிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கியிருப்பேன். அப்படி வண்டி செய்தால் இளவட்டங்கள் வாங்க மாட்டார்கள் போல.

கடையில் அவசரமாகப் பூட்டிக் கொடுத்த வண்டி என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றினால் கரகரவென்று சீக்கிரமே நின்றது. தெருமுனை அண்ணன் ஒரே திருகில் கண்டுபிடித்தார். “கோனை முறுக்கி வச்சிருக்கான்.” அச்சில் பேரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நட்டு அது. ஒல்லி ஸ்பேனர் போட்டுக் கால் சுற்றுத் தளர்த்தி விட்டார். சக்கரம் நிற்காமல் சுற்றியது. இடது பெடல் எதிர்மறை, மற்ற எல்லாம் திருகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருக வேண்டும் என்பதை மருமகனுக்கு அங்கேயே காட்டிக் கொடுத்தார். முதல் 200 கிலோமீட்டருக்குள் கியர் கேபிள் உட்கார்ந்து தளரும், ஸ்போக்ஸும் கொஞ்சம் இளகும். ஆகவே முதல் இலவச சர்வீஸை விட்டுவிடாதீர்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு எண்பது தொண்ணூறு கிலோமீட்டர், இலவச சர்வீஸுக்கு எவன் போவான் என்று இருந்துவிடுவோம். அதனால்தான் சொல்கிறேன். வண்டி வாங்கும் கடை நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் இருப்பது 2,000 ரூபாய் தள்ளுபடியைவிடப் பெரிது.

பழசா புதுசா என்று வாதம் நடக்கும்போதெல்லாம் நான் மருமகனிடம் ஒரு பழைய கதையை எடுத்து விடுவேன். மவுண்டன் பைக்கே பழைய வண்டியில் பிறந்ததுதான். கலிஃபோர்னியாவில் மரின் கவுண்டி என்ற இடத்தில், 1970-களில், சில இளைஞர்கள் முப்பது நாற்பது வருடப் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலைப்பாதையில் விட்டார்கள். 1976-இல் அங்கே ஒரு இறக்கத்தில் போட்டி வைத்தார்கள். பெயர் ரீபேக். அந்த வண்டிகளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். பிரேக் இருப்பது பின் சக்கரத்தின் ஹப்புக்குள். இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தால் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடி அடைப்பதுதான் ஆங்கிலத்தில் ரீபேக், அந்தப் பெயர் அதிலிருந்து வந்தது. பழசு தாங்காமல்தான் ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் இதற்கென்றே புதிதாக ஃப்ரேம் செய்தார். இந்தக் கடைசி வரியை மருமகன் பிடித்துக்கொள்வான். “பாத்தீங்களா மாமா, அவங்களே புதுசுக்கு மாறிட்டாங்க.”

அவன் புதுசு எடுத்த இரண்டு மாதத்தில் எனக்குத் திருச்சியில் ஒரு வண்டி அமைந்தது. விற்றவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஓட்டும் ஆள், அடுத்த ரகத்துக்குப் போவதால் இதைக் கொடுக்கிறார். 2021-இல் 62,000-க்கு எடுத்த 29 இஞ்சு வண்டி, காற்று ஃபோர்க், முன்னால் ஒரே பல் சக்கரம், பின்னால் பத்து. பில் வைத்திருந்தார். சொன்ன விலை 36,000. இந்தத் தடவை காலை எட்டு மணிக்குப் போனேன். பையில் ஒரு டார்ச், தச்சர் டேப், பழைய வெள்ளை வேட்டித் துணி.

முதலில் வண்டியைக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்த நம்பரையும் பில்லில் இருந்த நம்பரையும் ஒத்துப் பார்த்தேன். ஒத்துப்போகாவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. திருட்டு வண்டி வாங்கிப் போலீஸ் ஸ்டேஷன் படியேற என்னால் ஆகாது.

பிறகு செயின். டேப்பின் கொக்கி முனை லேசாக ஆடும். அதனால் 1 இஞ்சுக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வைத்து 13-இல் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். புதுச் செயின் என்றால் 13-ஆம் கோட்டில் இன்னொரு பின்னின் நடு துல்லியமாக உட்காரும். பின் 1/16 இஞ்சு தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்றும் நேரம். 1/8 தள்ளியிருந்தால் செயினோடு கேசட்டும் போயிற்று என்று எண்ணிக்கொள்ளலாம், அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் 1/16-க்கு ஒரு மயிரிழை கூட. அவரிடமே காட்டினேன். மறுக்கவில்லை.

ஃப்ரேமை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, சீட் குழாய் சேரும் இடம் என்று வெல்டிங் ஓரமெல்லாம் டார்ச் அடித்து நகத்தால் வருடினேன். பெயிண்ட் கீறலில் நகம் வழுக்கும். விரிசலில் மாட்டும், துடைத்த பிறகும் கறுப்புக் கோடு நிற்கும். முனீஸ்வரன் கோவில் தெருவில் கற்ற வித்தை இந்த இடத்தில்தான் உதவியது. ஃபோர்க்கின் பளபளப்பான கால்களையும் அப்படியே வருடினேன். அங்கே ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும்.

முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினேன். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தால் அங்கே ஆடுகிறதா, ஃபோர்க்கின் இடுக்கில் ஆடுகிறதா என்பது தெரியும். கழுத்தில் என்றால் ஒரு அலன் சாவியில் தீர்ந்துவிடும், ஃபோர்க்கில் என்றால் செலவு. பின்னால் நின்று, கியர் மாற்றி தொங்கும் சின்ன அலுமினியக் கொக்கி நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவது அது. மாடலுக்கு மாடல் அது வேறு, அந்த வண்டிக்கு உரியது கிடைக்குமா என்று போனில் அங்கேயே தேடி ஒன்றை ஆர்டர் போட்டுவிட்டுத்தான் விலை பேசினேன். பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சம் 1.5 மில்லிமீட்டர் என்று பொறித்திருந்தது, விரலுக்கு இன்னும் தடிப்பாகத் தெரிந்தது. கடைசியாக ஒரு பாலத்து ஏற்றத்தில் அழுத்தி மிதித்து எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தேன். நிறுத்தி வைத்துச் சுற்றும்போது ஒழுங்காக விழும் கியர், பாரம் ஏறினால்தான் குணத்தைக் காட்டும்.

32,000-க்கு முடிந்தது. செயின், பிரேக் பேட், ஃபோர்க்குக்குச் சீல் மாற்றி எண்ணெய் விட்டது, கொக்கி எல்லாம் சேர்த்து இன்னும் 5,500. ஆக 37,500. மருமகன் வண்டியும் பெடல், ஹெல்மெட், பம்ப் என்று கிட்டத்தட்ட அங்கேதான் வந்து நின்றது. ஒரே பணம். என் வண்டி எடை குறைவு, சரளையில் கை வலிக்கவில்லை. அவன் வண்டியில் என்ன கெட்டாலும் தெருமுனையில் சரியாகும். என்னுடையதின் ஃபோர்க்குக்கு நான் திருச்சிக்குத்தான் போக வேண்டும்.

யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். முதல் வண்டி என்றால் புதுசு, எளிமையானது, முன்னால் மட்டும் ஷாக். அதை ஒரு வருடம் ஓட்டி, பஞ்சர் போட்டு, செயின் மாற்றி, எது எங்கே தேயும் என்று கையால் தெரிந்துகொண்ட பிறகு பழசுக்குப் போகலாம். அப்போதும் மூன்று நான்கு வருடத்துக்குள், ஓட்டுகிற ஆளிடமிருந்து, பில்லோடு. கையில் வைத்திருக்கும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சாமானுக்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு வண்டி பாருங்கள்.

புதுசானாலும் பழசானாலும் நம்மூரில் முள் ஒன்றுதான். சீமைக் கருவேல முள்ளுக்கு 30,000 வண்டி, 60,000 வண்டி என்ற பேதமில்லை. முதல் இரண்டு மாதத்தில் மருமகனுக்குப் பதினொரு பஞ்சர். அதில் நான்கு, பழைய முள்ளின் ஒடிந்த நுனி டயருக்குள்ளேயே இருந்து புது டியூபைக் குத்தியது. விரலால் தேடினால் விரலைக் குத்தும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றித் தேயுங்கள், முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டிக்கொள்ளும். என் வண்டியில் டியூப் இல்லை, பால் மாதிரி ஒரு சீலன்ட் ஊற்றியிருக்கிறேன். குத்தின இடத்தில் அது கசிந்து உறைந்து அடைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். பழைய டியூப்லெஸ் வண்டி வாங்கினால் பழைய சீலன்டை நம்பாதீர்கள். என்னுடையதைத் திறந்தபோது உள்ளே ரப்பர் தோல்தான் இருந்தது.

போன வாரம் மருமகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. தங்கும் இடத்தில் வண்டி நிறுத்த வசதி இல்லையாம். விற்றுவிட்டுப் போகலாம் என்று போட்டோ எடுக்க வண்டியைத் திண்ணையோரம் சாத்தி வைத்திருந்தான். ஆறு மாதம், 1,800 கிலோமீட்டர். “27,000 போடலாமா மாமா? கொஞ்சம்தான் ஓட்டினதுன்னு போட்டுக்கிறேன்.” நான் உள்ளே போய்த் தச்சர் டேப்பை எடுத்து வந்தேன். 1-இல் வைத்தேன். 13-ஐத் தாண்டி, 1/16-க்குப் பக்கத்தில் பின் நின்றது.

“செயின மாத்திட்டு அப்புறம் விலையப் போடு மாப்ளே” என்றேன். “1,800 கிலோமீட்டர்னே எழுது.”